ஏரி எங்களுது.. கரை யாருது?

போன சனிக்கிழமை எங்க காலனி சங்கக் கூட்டம். பொதுவா அந்தப் பக்கமே நான் எட்டிப் பார்க்கிறதில்லை. புல்லு எத்தனை இஞ்ச் இருக்கணும், குப்பைத்தொட்டியை எத்தனை மணிக்கு உள்ள இழுக்கணும்னு ரெண்டு மணி நேரம் பேசுவாங்க. அதுக்கு ஆபீஸ்லயே உட்கார்ந்து ஆணி புடுங்கலாம். ஆனா இந்தத் தடவை வந்த கடுதாசியில 'வீட்டுக்கு 6000 டாலர்'னு ஒரு வரி இருந்துச்சு. அதைப் படிச்சுட்டு தங்கமணி பார்த்த பார்வையில செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன் :-)

விஷயம் இதுதான். அட்லாண்டா பக்கத்துல நாங்க இருக்கிற இடத்துல மொத்தம் 84 வீடு. நடுவுல ஒரு ஏரி, 12 ஏக்கர். வாத்து நீந்தும், சாயங்காலம் நாலு பேர் தூண்டில் போடுவாங்க, ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கை விட்டா தண்ணியிலயும் சேர்ந்து வெடிக்கும். வீடு வாங்கும்போது தங்கமணி விழுந்ததே இந்த ஏரியைப் பார்த்துதான். (ஏரி தெரியுற வீடுன்னு சொல்லி ஏஜென்ட் அம்மா விலையில கொஞ்சம் ஏத்தினது தனிக்கதை.)

ஏரின்னா ஒரு கரை இருக்கணுமே? இருக்கு. 28 அடி உயரம், மண் கரை. மேல நடைபாதை, ரெண்டு பெஞ்சு. நான் ஆறு வருஷமா அது மேல வாக்கிங் போறேன். அது கவர்மெண்டு அணைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட நூத்துச் சொச்சம் பக்கத்துல எங்கேயோ, பொதுச் சொத்துன்னு நீச்சல்குளம், டென்னிஸ் கோர்ட்டோட சேர்த்து இதையும் எழுதியிருக்காங்க. ஆக, ஒரு அணையில 84ல ஒரு பங்குக்கு நான் முதலாளி. எங்க தாத்தா கேட்டிருந்தா பூரிச்சுப் போயிருப்பார்.

நாங்க மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்க அரசோட அணைப் பதிவேட்டுல 90,000க்கு மேல அணைகள் இருக்கு. அதுல பாதிக்கு மேல தனியார் கையில. என்ன காரணத்துக்காக இருக்குன்னு பார்த்தா, அதிகமா வர்ற பதில் பாசனமும் இல்ல, மின்சாரமும் இல்ல. பொழுதுபோக்கு!

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா வந்திருந்தாங்க. சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையிலயே வளர்ந்தவங்க. வந்த மூணாம் நாள் கரையில கூட்டிட்டுப் போனேன். "மடை எங்கடா, கலுங்கு எங்க?"ன்னு கேட்டாங்க. தண்ணிக்குள்ள நிக்கிற ஒரு சிமெண்டுத் தொட்டியைக் காட்டி, "தண்ணி ஏறினா இதுக்குள்ள விழுந்து கரைக்கு அடியில குழாய் வழியா அந்தப் பக்கம் போயிரும்பா"ன்னேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "இதுக்கு நீர்பாய்ச்சி யாரு?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இங்க யாருக்குப்பா வயல் இருக்கு?" "அப்ப கரையை யாரு பார்க்கிறது?" மாசம் ரெண்டு தடவை புல்லு வெட்ட ஆள் வரும்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை.

இப்ப யோசிச்சா அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. கண்மாய்ல தண்ணி குறைஞ்சா பத்துக் குடும்பத்துக்கு வயிறு காயும். அதனால யாராவது ஒருத்தர் தினமும் கரையை மிதிப்பாங்க. (அங்கயும் இப்ப எத்தனை கரையை யாரு மிதிக்கிறாங்கன்னு கேட்டா வாயைத் திறக்க முடியாது, அது வேற பதிவு.) எங்க ஏரியில தண்ணி குறைஞ்சா போட்டோ நல்லா வராது, அவ்வளவுதான் நஷ்டம். அதனால அதைப் பார்த்துக்கிறது யாருக்கும் வேலை இல்ல.

சரி, கடுதாசிக்கு வருவோம். மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகத்துல இருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துட்டு எழுதியிருக்கார். கரைக்கு அடியில போற குழாய் நெளிநெளியான இரும்புத் தகட்டுக் குழாய். போட்டு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, உள்ள கேமரா விட்டுப் பார்த்தா துருப்பிடிச்சு ஓட்டை. கரையோட வெளிச் சரிவுல அடியில ஒரு இடம் எப்பவும் ஈரம். சரிவு முழுக்க பைன் மரம். அடியில இருக்கிற வால்வு, அதாவது ஏரியைக் காலி பண்ண வேண்டிய வால்வு, திருகினா திரும்பலை. பெருமழையில தண்ணி வழியறதுக்குன்னு ஓரமா விட்ட புல்தரைக் கால்வாயை ஒருத்தர் வேலி போட்டு தன் கொல்லையோட சேர்த்துக்கிட்டார். அதுல குழந்தைங்க ஊஞ்சல் வேற. கடைசியா, அந்தச் சிமெண்டுத் தொட்டி வாயில மீன் தப்பிக்காம இருக்க கம்பி வலை. பாசி தின்ன விட்ட புல்கெண்டை மீன் மழைத்தண்ணியோட ஓடிருதுன்னு சங்கமே காசு கொடுத்து மாட்டினது.

இது எல்லாத்துக்கும் மேல, இதுவரைக்கும் ரெண்டாம் வகையா இருந்த எங்க கரை இப்ப ஒண்ணாம் வகை. இந்த வகை விஷயத்துல கூட்டத்துல எல்லாருமே குழம்பினாங்க, நானும்தான். ஒண்ணாம் வகைன்னா கரை மோசம்னு அர்த்தமில்ல. உடைஞ்சா கீழே உயிர்ச்சேதம் வர வாய்ப்பிருக்குன்னு அர்த்தம். நேத்துக் கட்டின கரையும் ஒண்ணாம் வகையா இருக்கலாம். கீழே வெறும் காடுன்னா ஓட்டைக் கரையும் ரெண்டாம் வகையாவே இருக்கலாம். எங்க ஏரிக்குக் கீழே முன்னாடி காடுதான். இப்ப அரை மைல் தள்ளி ஓடையோரமா ஒரு முப்பது டிரெய்லர் வீடு. கரையில ஒண்ணும் மாறலை, கீழே குடி வந்ததால வகை மாறிருச்சு.

மண் கரை எப்படி உடையும்னு நான் நினைச்சிருந்தது சினிமாவுல வர்ற மாதிரி. மேல தண்ணி வழியும், டமால்னு உடையும். அப்படியும் உடையும். ஆனா சத்தமில்லாம உடையற வழி ஒண்ணு இருக்கு. எந்த மண் கரையிலயும் கொஞ்சம் கசியும். கசியற தண்ணி தெளிவா இருக்கிற வரைக்கும் பெரிய பயமில்ல. கலங்கி வந்தா, உள்ளே இருந்து மண்ணையும் தூக்கிட்டு வருதுன்னு அர்த்தம். மண்ணு போன இடம் பொந்து, பொந்துல தண்ணி வேகம் கூடும், இன்னும் மண்ணை அரிக்கும். வெளியே இருந்து பார்த்தா புல்லு பச்சையா அழகா இருக்கும். ஓட்டைக் குழாய்னா இன்னும் சுலபம், மண்ணு நேரா குழாய்க்குள்ள விழுந்து போய்க்கிட்டே இருக்கும். ஒருநாள் நடைபாதையில குழி விழும்.

மரம் விஷயத்துல எனக்கே ஆச்சரியம். எங்க ஊர்க் கரையில வரிசையா பனை நிக்கும், அது கரையைப் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னுதான் கேட்டு வளர்ந்தேன். ஆனா இந்த உயரத்துல, இந்தச் சரிவுல பைன் மரம் வளர்ந்தா கதை வேற. புயல்ல சாஞ்சா வேரோட ஒரு வண்டி மண்ணைப் பேத்துக்கிட்டுப் போகும். வெட்டினா வேர் மக்கி உள்ள வழி விடும். கசிவு, எலி வளை எல்லாத்தையும் மறைச்சும் வைக்கும்.

கூட்டத்துல முதல்ல எழுந்த பெரியவர் சொன்னது: "அம்பது வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகலையே." கைத்தட்டல். எனக்கு டோக்கோவா ஞாபகம் வந்துச்சு.

டோக்கோவா எங்க வீட்டுல இருந்து ஒன்றரை மணி நேரம், இதே ஜார்ஜியாவுலதான். ஒரு பைபிள் கல்லூரி, அந்த வளாகத்துக்குள்ளேயே 186 அடி அருவி. ஊர்ல இருந்து யாராவது வந்தா கூட்டிட்டுப் போறது வழக்கம், அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். அருவிக்கு மேல கெல்லி பார்ன்ஸ்னு ஒரு சின்ன அணை இருந்துச்சு. 1899ல கல்லையும் மரச்சட்டத்தையும் வச்சு ஆரம்பிச்சது. அப்புறம் கல்லூரிக்காரங்க சொந்தமா மின்சாரம் எடுக்க அதுமேலயே மண்ணைக் கொட்டி உயர்த்தினாங்க. 1957ல மின்சாரம் எடுக்கிறதை நிறுத்தியாச்சு. அதுக்கப்புறம் அது வெறும் ஏரி. மீன் பிடிக்க, படகு விட. சுமார் 40 ஏக்கர், கரை ஏறக்குறைய 38 அடி. எங்களுதை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.

1977 நவம்பர் 6, ஞாயித்துக்கிழமை. அதுக்கு முன்னாடி சில நாளா நல்ல மழை. விடியக்காலை ஒன்றரை மணி வாக்குல கரை உடைஞ்சு, தண்ணி அருவியில குதிச்சு, தூங்கிக்கிட்டு இருந்த வளாகத்துக்குள்ள புகுந்துச்சு. ஓடையோரம் டிரெய்லர் வீடுகள்ல குடும்பத்தோட இருந்தவங்கதான் அதிகம் போனது. 39 பேர். எங்க கரைக்குக் கீழேயும் டிரெய்லர்தான்னு சொன்னேன் இல்லையா, அதனாலதான் இந்தக் கதை மண்டையை விட்டுப் போகமாட்டேங்குது.

அப்புறம் விசாரிச்சவங்களுக்கு அந்த அணைக்கு ஒழுங்கான வரைபடம்கூடக் கிடைக்கலை. இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் அடிச்சுச் சொல்லவும் முடியலை. செங்குத்தான வெளிச் சரிவுல மண் சரிஞ்சது, உள்ளே அரிச்சது, இதெல்லாம் சேர்ந்துதான் இருக்கணும்னு எழுதினாங்க. ஆனா ஒரு போட்டோ இருக்கு. 1973ல எடுத்தது. வெளிச் சரிவுல 12 அடி உயரம், 30 அடி அகலத்துக்கு மண் சரிஞ்சு கிடக்கு. நாலு வருஷம் முன்னாடியே! கரை வாயைத் திறந்து சொல்லியிருக்கு. கேட்டுச் செய்யுறதுதான் யாரோட வேலையும் இல்ல. அங்க இருந்தவங்க கெட்டவங்க இல்ல, அவங்க வீட்டுப் பிள்ளைகளும்தான் அந்தத் தண்ணியில போச்சு.

அப்ப ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், இதே ஜார்ஜியாக்காரர். உடைஞ்சா ஆபத்துன்னு இருக்கிற, மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத அணைகளை எல்லாம் ராணுவப் பொறியாளர்களை வச்சுப் பார்க்கச் சொன்னார். 1981க்குள்ள ஏறத்தாழ 8,800 அணை பார்த்தாங்க. மூணுல ஒண்ணு பாதுகாப்பில்லைன்னு வந்துச்சு. ஜார்ஜியாவுல 1978ல அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்களுக்கு வந்த கடுதாசி அந்தச் சட்டத்துல இருந்து வந்ததுதான். அதை "அரசாங்கத் தொல்லை"ன்னு ஒருத்தர் சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு.

கம்பி வலைக்கு வர்றேன். அதைக் கழட்டணும்னு கடுதாசியில இருந்ததுக்கு, மீன் பிரியர் ஒருத்தர் ரொம்பவே கோவப்பட்டார். அவருக்காக ஒரு பழைய கதை. பென்சில்வேனியாவுல சௌத் ஃபோர்க் அணை. கால்வாய்க்குத் தண்ணி விட மாநில அரசு கட்டி, அப்புறம் தேவையில்லாமப் போய், கை மாறி மாறி 1879ல ஒரு மீன்பிடி - வேட்டை கிளப்புக்காக வாங்கினாங்க. ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி ஃப்ரிக் எல்லாம் மெம்பர். நடுவுல வச்சிருந்த ஒரு ஆள் அடியில இருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பிடுங்கி பழைய இரும்புக்கு வித்துட்டார். ஆக, ஏரியை இறக்க வழியே கிடையாது. கிளப்புக்காரங்க குழாயைத் திருப்பிப் போடலை. வண்டி போக வசதியா கரையோட உச்சியைக் கொஞ்சம் தாழ்த்தினாங்க. வழிந்தோடிக்குக் குறுக்கே மீன் தப்பாம இருக்க வலை போட்டாங்க. கீழே ஜான்ஸ்டவுன்ல இருந்த இரும்புக் கம்பெனி 1880லயே தன் இன்ஜினியரை அனுப்பிப் பார்த்து, தண்ணி இறக்க வழி இல்லைன்னு எழுதிக் கேட்டுச்சு. உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லைன்னு பதில் வந்துச்சு. 1889 மே 31ல உடைஞ்சது. செத்தவங்க 2,209 பேர். கோர்ட்டுல கிளப்பு மேல ஒரு காசு நஷ்டஈடு வாங்க முடியலை.

திரும்பாத வால்வு, மீன் வலை. நூத்து முப்பது வருஷத்துக்கு அப்புறமும் நம்மாளுங்க அதே ரெண்டையும் கரெக்டா செஞ்சு வச்சிருக்கோம், பாருங்க!

சரி, எதிர்த்துப் பேசினதுல நியாயமே இல்லையான்னு கேட்டா, ஒண்ணு இருந்துச்சு. "கரை முதல்ல வந்தது, டிரெய்லர் அப்புறம் வந்தது. அங்க வீடு கட்ட கவுண்டி அனுமதி கொடுத்துச்சு, வாடகை வாங்குறது நிலத்துக்காரர். காசு மட்டும் நாங்க ஏன் கொடுக்கணும்?" சட்டப்படி கரை யாருதோ அவங்க பொறுப்பு, சரி. ஆனா கீழே வீடு கட்ட விடும்போது மேலே ஒரு கரை இருக்கேன்னு கவுண்டி பார்த்திருக்கணும்தான். அவங்களும் பங்கு கொடுக்கணும்னு கேட்டு எழுதலாம், நானே எழுதித் தர்றேன். ஆனா அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் ஏரியை முழுசா நிரப்பி வச்சுக்கிட்டு உட்காரக் கூடாது. இங்கதான் எனக்கும் அவங்களுக்கும் சண்டை.

ஏன்னா 6000 டாலர் இல்லாதவங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன ரெண்டு மூணு பேர் முகம் அன்னிக்கு வெளிறிப் போச்சு. தவணை போடலாம், கடன் வாங்கலாம், பேசித் தீர்க்க நேரம் வேணும். அந்த நேரத்தை வாங்க ஒரே வழி ஏரியை அஞ்சாறு அடி இறக்கி வைக்கிறது. வால்வு திரும்பலைன்னா கரைக்கு மேல குழாய் போட்டு உறிஞ்சி இறக்கலாம்னு இன்ஜினியரே எழுதியிருக்கார். அதுக்கு ஆகுற செலவு மொத்தத்துல தூசு. இல்லையா, கரையை முறைப்படி வெட்டிவிட்டு ஓடையை ஓடையாவே விட்டுடலாம். ஏரி போயிரும், வீட்டு விலை இறங்கும். தங்கமணிகிட்ட அதைச் சொல்ற தைரியம் எனக்கில்ல, ஆனா அதுவும் நேர்மையான வழிதான்.

இறக்கலாம்னு நான் சொன்னதுக்கு வந்த பதில்: "சேறு தெரியும், நாறும், இந்த வருஷம் நாலு வீடு விற்பனைக்கு இருக்கு." அயோவாவுல டெல்ஹி ஏரின்னு ஒண்ணு (ஆமா, நம்ம டெல்லி எழுத்துதான்), ஏரியோரக் குடியிருப்பு சங்கம்தான் அணைக்குச் சொந்தக்காரர். 2010 ஜூலை 24ல வெள்ளத்துல உடைஞ்சது. ஒரு மதகு முழுசாத் திறக்கலை. உயிர் போகலை, ஏரி போச்சு. மறுபடி கட்டித் தண்ணி நிக்க 2016 ஆச்சு. ஆறு வருஷம் சேறு பார்த்தாங்க. அதையும் சொன்னேன். யாரும் மசியலை.

கூட்டம் முடியறப்ப பின்வரிசையில இருந்து ஒருத்தர் கை தூக்கினார். அறுபது வயசு இருக்கும், பெயின்ட் கறையோட பேண்ட். கீழே டிரெய்லர்ல இருக்கிறவராம், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கார். "உறுப்பினர்கள் மட்டும்தான் பேசலாம், மன்னிக்கணும்"னு தலைவர் மரியாதையாத்தான் சொன்னார். விதிப்படி சரி. அவரும் மரியாதையா உட்கார்ந்துட்டார். 84 வீட்டுக்கும் ஓட்டு இருக்கு, எங்க ஒருத்தர் வீட்டுலயும் தண்ணி வராது. தண்ணி வர்ற முப்பது வீட்டுக்கு ஓட்டு இல்ல.

வெளியே பார்க்கிங்ல அவரைப் பிடிச்சுப் பேசினேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ராத்திரியில ஏதாவது ஆனா எங்களுக்கு யாரு போன் பண்ணுவாங்க?" திரும்ப உள்ள போய் சங்கச் செயலாளரைக் கேட்டேன். அப்படி ஒரு லிஸ்ட்டே இல்லையாம். கடுதாசியில அதையும் கேட்டிருக்காங்க, அவசரத் திட்டம்னு, இருபத்தோராம் பக்கத்துல. காசு செலவே இல்லாத வேலை. அதையும் யாரும் படிக்கலை.

ஓட்டெடுப்பு அடுத்த மாசம். என் ஓட்டு 6000 டாலருக்கு ஆமாம். தங்கமணி இன்னும் பேசலை, ஆனா டோக்கோவா கதையைச் சொன்னப்ப டிவியை நிறுத்திட்டுக் கேட்டாங்க. ஏரி உள்ள காலனியில இருக்கிற மக்கள்ஸ், உங்க பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மழை விட்ட மறுநாள் கரையோட அழகான பக்கம் இல்ல, பின்பக்கம் இறங்கிப் பாருங்க. யாராவது ஏற்கெனவே இந்தச் சண்டை போட்டிருந்தா, தவணைக்கு எப்படி ஏற்பாடு பண்ணீங்கன்னு சொன்னா புண்ணியமாப் போகும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இங்க நல்ல மழை. தூக்கம் வரலை. பதினோரு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கிட்டு கரைக்குப் பின்னாடி அந்த ஈர இடத்துக்கு இறங்கினேன், வழுக்கி ஒரு தடவை உட்கார்ந்தும் எழுந்தேன். ஒரு பிளாஸ்டிக் கப்புல தண்ணியைப் பிடிச்சு டார்ச் வெளிச்சத்துல பார்த்தேன். தெளிவாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அவருக்கு போன் பண்ணேன். முதல் ரிங்லயே எடுத்துட்டார்.